கார்க் கதவை நேராகப் பொருத்துவது: கீலில் தொடங்கி ஸ்டிரைக்கரில் முடியும் வேலை

கதவைச் சாத்தினால் மெத்தென்று உட்காராமல் இடித்துக்கொண்டு பூட்டுகிறது. விரைவுச்சாலையில் 90ஐத் தொட்டதும் காதோரம் காற்று விசிலடிக்கிறது. மழை நாளில் கால்மிதி ஈரமாகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும், கதவு தன் சட்டத்துக்குள் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து 10 ஆண்டைத் தாண்டி ஓடும் கார்களில் இது சாதாரணம். ஓட்டுநர் ஏறி இறங்கும் வலப்பக்க முன்கதவு முதலில் தொங்கும். தனியார் வாடகைக் கார் என்றால், பயணிகள் நடைபாதைப் பக்கம் இறங்கும் இடப்பக்கப் பின்கதவு அதற்குப் போட்டியாக நிற்கும்.

வேலை கடினமானதல்ல, ஆனால் வரிசை மாறினால் ஒரு மணி நேர வேலை ஒரு நாளை விழுங்கிவிடும். கீழே உள்ள வரிசை, கீலில் தொங்கும் சாதாரணக் கதவுகளுக்கு. வேன்களின் தள்ளுகதவு உருளையிலும் தண்டவாளத்திலும் ஓடுவது. அதற்கு இது பொருந்தாது.

1. தொடும் முன்: இது திருப்பிச் சரியாகும் கோளாறுதானா?

கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். இன்னொருவர் கீல்கள் மேல் விரலை வைத்திருக்கட்டும். கீலின் இரண்டு தகடுகளுக்கு நடுவே, ஆணி இருக்கும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் ஆணியோ அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உறையோ தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் கதவை நேராக்கினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். பல ஜப்பானியக் கார்களில் புஷ் தனியாகக் கிடைக்காது, கீலை முழுதாகத்தான் வாங்க வேண்டும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். மேல் கீலும் கீழ் கீலும் ஒன்றல்ல, இடமும் வலமும் ஒன்றல்ல.

ஆணியில் ஆட்டமில்லை, ஆனால் தகடே, அது பொருந்தியிருக்கும் உடல் தூணின் மேல் அசைகிறது என்றால் போல்ட்டு தளர்ந்திருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு நல்ல காலம். போல்ட்டைச் சுற்றி பெயிண்டோ தகடோ விரிசல் விட்டிருந்தால் நிறுத்துங்கள். அது வெல்டிங் தெரிந்த பாடி ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய வண்டி.

மோதிய வண்டியா என்று சந்தேகமிருந்தால், கதவு திறப்பின் மூலைக்கு மூலை அளவை எடுத்து மறுபக்கத்துத் திறப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் கோணியிருப்பது கதவில்லை, சட்டம்.

கதவைச் சுற்றி அடைக்கும் ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். புதிதாக மாற்றிய பீடிங் கதவை வெளியே தள்ளும். சாத்த பலம் கேட்கும். அதைக் கண்டு ஸ்டிரைக்கரை, அதாவது கதவின் பூட்டான லாட்ச் கவ்விப் பிடிக்கும் தூண் பக்க வளையத்தை, நகர்த்திவிடாதீர்கள். கதவைச் சாத்தியே சில நாள் விட்டால் ரப்பர் அமுங்கிப் பழகிவிடும். அவசரப்பட்டு நகர்த்தினால், ரப்பர் அமுங்கியதும் கதவு கடகடக்கும்.

2. கையருகே இருக்க வேண்டியவை

ஜப்பானிய, கொரியக் கார்களுக்கு 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகள் பெரும்பாலும் போதும். ஐரோப்பியக் கார்களுக்கு 13 மி.மீ. சாக்கெட்டும், டி40, டி45, டி50 என்ற நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனைகளும் வேண்டும். முன்கதவுக் கீலின் போல்ட்டுகள் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தின் மேல் உள்ள பக்கத் தகடு) தூணுக்கும் இடையில் ஒளிந்திருக்கும். அங்கே நேரான ஸ்பேனர் நுழையாது. வளைந்த கழுத்துள்ள ஸ்பேனர் ஒன்றை முன்னதாகவே தேடி வையுங்கள்.

ஸ்டிரைக்கரில் பிளஸ் திருகு இருந்தால் 3ஆம் எண் முனைதான் அதற்கு. எல்லார் பெட்டியிலும் இருக்கும் 2ஆம் எண்ணை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டியதுதான். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் கையில் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

இவற்றோடு ஒரு சிறிய ஜாக், அதன் தலையில் வைக்க மரத்துண்டு, பழைய துணி, மாஸ்கிங் டேப், மெல்லிய மார்க்கர், ரப்பர் சுத்தியல், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச். கூடவே ஓர் ஆள். முன்கதவு கண்ணாடியோடு சேர்ந்து 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும்; தனியாளாகப் பிடித்துக்கொண்டே போல்ட்டு முடுக்குவது நடக்காத காரியம்.

இடைவெளி அளக்கத் தனிக் கருவி இல்லையென்றால் பழைய வங்கி அட்டைகள் போதும். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. ஐந்தை அடுக்கினால் 3.8, ஆறை அடுக்கினால் ஏறத்தாழ 4.6. எண்கள் புடைத்திருக்கும் அட்டை வேண்டாம், அளவு ஏமாற்றும்.

3. வண்டியை நிறுத்தும் இடம்

தரை சமமாக இருக்க வேண்டும், நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றிய வண்டியின் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும். அங்கே நேராக்கிய கதவு கீழே இறக்கியதும் வேறு கதை சொல்லும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவும் அப்படித்தான்: திறந்த கதவு தானாக ஆடும், ஜாக் நழுவும். அங்கே இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

இக்னிஷனை அணைத்து வையுங்கள். சில கார்களின் கதவுக்குள்ளேயே ஏர்பேக்கின் உணரி இருக்கும். இக்னிஷன் போட்ட நிலையில் சுத்தியல் கூடாது. கதவையே கழற்றும் வேலை வந்தால் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, குறைந்தது 90 வினாடி காத்திருந்து, அதன்பின் வயர் இணைப்பைத் தொடுங்கள்.

4. அளந்து எழுதுங்கள்

கதவைச் சாத்தி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை மேல், நடு, கீழ் என முன்விளிம்பில் மூன்று இடம், பின்விளிம்பில் மூன்று இடம், அடியில் இரண்டு இடம் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டுங்கள். மறுபக்கக் கதவையும் அப்படியே அளங்கள். அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்று சொல்ல உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான். பொதுவாக 3.5 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். ஆனால் எண்ணை விட முக்கியம், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருப்பது. கண் 4க்கும் 5க்கும் வித்தியாசம் பார்க்காது. மேலே 3, கீழே 6 என்று விரியும் இடைவெளியைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடும்.

அந்தச் சந்தின் வடிவம்தான் நோயைச் சொல்கிறது. கதவின் பின்பக்கம் தொங்கினால், ஃபெண்டர் பக்கச் சந்து மேலே அகன்று கீழே குறுகும். பின்விளிம்புச் சந்து மேலே குறுகிக் கீழே அகலும். சந்துகள் ஒரே அகலமாக இருந்து, கதவின் பக்கக் கோடு மட்டும் பக்கத்துக் கதவின் கோட்டைவிடத் தாழ்ந்திருந்தால் கதவு முழுதாக இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இன்னொரு சோதனை: கைப்பிடியை மெல்ல இழுத்து, லாட்ச் விடுபடும் கணத்தில் பின்விளிம்பைப் பாருங்கள். கதவு சட்டென்று கீழே இறங்கினால், இதுவரை அதை ஸ்டிரைக்கர்தான் தாங்கிக்கொண்டிருந்தது. சாத்திய நிலையில் எடுத்த உங்கள் அளவு அவ்வளவும் உண்மையை மறைத்திருக்கிறது.

5. அடையாளம் போட்டு, ஸ்டிரைக்கரை எடுங்கள்

கீல் தகடுகளின் ஓரத்தையும் ஸ்டிரைக்கரின் ஓரத்தையும் சுற்றி மார்க்கரால் மெல்லிய கோடு போடுங்கள். எல்லாம் குழம்பினாலும் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கவும் அந்தக் கோடுதான் அளவுகோல்.

அடுத்து ஸ்டிரைக்கர். அது இருக்கும்வரை, கதவு சாத்தும்போது லாட்ச் அதைக் கவ்விக் கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கீல் எங்கே இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. ஸ்டிரைக்கர் இல்லாமல் சாத்திப் பார்த்தால்தான் கதவின் உண்மையான இருப்பு தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டிரைக்கரின் திருகுகள் பிடிப்பது தூணுக்குள் இருக்கும் ஒரு நகரும் தகட்டில். சில வண்டிகளில் இரண்டு திருகையும் ஒருசேர எடுத்தால் அந்தத் தகடு தூணுக்குள் சரிந்துவிடும். அப்புறம் உள்பக்க டிரிம்மைப் பிரித்துத்தான் தேட வேண்டும். ஸ்டிரைக்கரை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் நுனியால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, எடுத்த உடனே திருகுகளை மட்டும் இரண்டு மூன்று சுற்று திரும்பப் போட்டு வையுங்கள்.

கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்று பிடித்து நிறுத்தும் செக் ஸ்ட்ராப்பைத் தூணிலிருந்து கழற்றினால் கதவை நகர்த்துவது எளிது. கழற்றியபின் கதவு கட்டுப்பாடில்லாமல் திறந்து ஃபெண்டரில் இடிக்கும். யாராவது பிடித்திருக்க வேண்டும்.

6. எந்தக் கதவு முதலில்?

பின்கதவு. அதற்குப் பின்னால் இருக்கும் பக்கத் தகடு உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது, அசையாது. அசையாத ஒன்றை வைத்துப் பின்கதவை நேராக்குங்கள், பின்கதவை வைத்து முன்கதவை, முன்கதவை வைத்து ஃபெண்டரை, கடைசியாக பானெட். முன்கதவிலிருந்து தொடங்கினால், பின்கதவு வரும்போது செய்ததை எல்லாம் பிரிக்க நேரும்.

பின்கதவு சரியாகவே இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

7. உயரமும் முன்பின்னும்: தூண் பக்கப் போல்ட்டுகள்

எந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் கதவு எந்தப் பக்கம் போகும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கீல் தகடு எந்த முகத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த முகத்தின் வழியாகத்தான் அது வழுக்கும். தூணின் வெளிமுகத்தில் உள்ள தகடு மேலும் கீழும், முன்னும் பின்னும் நகரும். கதவின் முன்விளிம்பில் உள்ள தகடு மேலும் கீழும், உள்ளும் வெளியும் நகரும். பெரும்பாலான கார்கள் இப்படித்தான். உங்கள் வண்டியில் தகடு வேறு முகத்தில் இருந்தால் அதே விதியை வைத்துக் கணித்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டாவில் புதியவர்கள் மணிக்கணக்கில் சிக்கும் ஒரு விஷயம் உண்டு. பல மாடல்களில் கீலைப் பிடித்திருப்பது மையப்படுத்தும் போல்ட்டு. அதன் கழுத்து கூம்பாக இருந்து துளையின் நடுவில் போய் உட்காரும். தளர்த்தி, தட்டி, நகர்த்தி, மறுபடி முடுக்கினால் கதவு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அந்தப் போல்ட்டை எடுத்து, அதே அளவும் அதே வலிமையும் உள்ள, வாஷர் வைத்த சாதாரணப் போல்ட்டைப் போட்டால்தான் கீல் நகரும். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இனி நகர்த்தல். ஜாக்கின் மேல் மரம், மரத்தின் மேல் துணி. கதவின் எடை மையத்துக்குக் கீழே வைத்து, கதவைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். ஜாக்கின் வேலை எடையை வாங்கிக்கொள்வது மட்டும். அதைக்கொண்டு கதவை நெம்பித் தூக்கினால் அடித்தகடு மடங்கும்.

ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும். இரண்டையும் தளர்த்தினால் கதவு ஒரே சமயத்தில் பல திசையில் ஓடும். எது எதனால் என்று தெரியாது. போல்ட்டு விட்டுக்கொடுத்த பிறகு இன்னும் கால் சுற்று போதும். சுத்தியலால் தட்டினால் நகர வேண்டும், தானாக விழக்கூடாது. அந்த இறுக்கம்தான் சரி.

தொங்கும் பின்விளிம்பைத் தூக்க, மேல் கீலை முன்னோக்கித் தள்ளுங்கள், அல்லது கீழ் கீலைப் பின்னோக்கி. எதைத் தேர்ந்தெடுப்பது? ஃபெண்டர் சந்தைப் பாருங்கள். மேலே அகன்று, கீழே சரியாக இருந்தால் மேல் கீல். மேலே சரியாக இருந்து கீழே நெருக்கினால் கீழ் கீல்.

எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு கீலுக்கும் நடுவே 400 மி.மீ., கீலிலிருந்து பின்விளிம்புவரை 1,000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலை 1 மி.மீ. முன்னே தள்ளினால் பின்விளிம்பு 2.5 மி.மீ. உயரும். 3 மி.மீ. தொங்கும் கதவுக்கு ஏறத்தாழ 1.2 மி.மீ. நகர்த்தினால் போதும், அட்டை ஒன்றரையின் தடிமன். முதல்முறை செய்பவர்கள் 3 மி.மீ. தொங்கலுக்குக் கீலையும் 3 மி.மீ. தள்ளுகிறார்கள். பின்விளிம்பு 7 மி.மீ.க்கு மேல் எகிறும், கதவு முன்னால் ஃபெண்டரை உரசிப் பெயிண்டைச் சுரண்டும். அதைத் தவிர்க்க ஃபெண்டரின் பின்விளிம்பில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

கதவு முழுதாகத் தாழ்ந்திருந்தால் மட்டும் இரண்டு கீலையும் மேலே ஏற்ற வேண்டும். அப்போதும் ஒன்றன்பின் ஒன்றாக, சிறிது சிறிதாக.

ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் போல்ட்டை முடுக்கி, ஜாக்கை இறக்கி, கதவை மெல்லச் சாத்தி அளங்கள். ஜாக் தாங்கும்போது எடுத்த அளவு செல்லாது. எடை விழுந்ததும் கதவு சற்று இறங்கும்.

8. உள்ளும் வெளியும்: கதவு பக்கப் போல்ட்டுகள்

சந்துகள் சரியான பிறகு கதவின் மட்டத்தைப் பாருங்கள். ஃபெண்டரிலிருந்து கதவுக்கு உள்ளங்கையைத் தடவிக் கொண்டுபோனால் விரல் சொல்லிவிடும். கதவின் முன்விளிம்பு ஃபெண்டரோடு மட்டமாகவோ, அதைவிட 1 மி.மீ.க்குள் உள்ளே தள்ளியோ இருக்கலாம், வெளியே துருத்தக்கூடாது. காற்று முன்னிருந்து பின்னே ஓடுகிறது, எதிர்த்து நிற்கும் விளிம்பில் மோதி இரைச்சல் எழும். முன்கதவின் பின்விளிம்புக்கும் பின்கதவின் முன்விளிம்புக்கும் இதே விதிதான்.

மூலைகளில் குறுக்குக் கணக்கு வரும். பிறகு ஸ்டிரைக்கரை மாட்டிக் கதவைச் சாத்தும்போது லாட்ச் பின்விளிம்பின் நடுவே பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் மேல் கீலை உள்ளே தள்ளினால், கதவு கீழ் கீலுக்கும் லாட்ச்சுக்கும் இடையிலான கோட்டில் சாய்ந்து, பின்பக்கக் கீழ்மூலை வெளியே வரும். ஆகவே பின்பக்கக் கீழ்மூலை துருத்திக்கொண்டிருந்தால் மேல் கீலைச் சற்று வெளியே எடுக்க வேண்டும். பின்பக்க மேல்மூலை துருத்தினால் கீழ் கீலை வெளியே எடுங்கள். சரிசெய்யும் இடம் எதிர்மூலையில் இருப்பது முதலில் விந்தையாகத் தெரியும். ஓர் அட்டையை மூன்று விரலால் பிடித்து ஒரு விரலை நகர்த்திப் பார்த்தால் புரிந்துவிடும்.

சில ஐரோப்பியக் கார்களில் தகடு வழுக்காது, கீலுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்துத்தான் வெளியே கொண்டுவர முடியும். அங்கே அரை மில்லிமீட்டரிலிருந்து தொடங்குங்கள்.

9. ஸ்டிரைக்கர்: கடைசியில்

இப்போது ஸ்டிரைக்கர் இல்லாமல் சாத்தினால் கதவு சரியான உயரத்தில் தானாக நிற்கிறது. ஸ்டிரைக்கர் அந்தக் கதவைத் தேடி வர வேண்டும். கதவை ஸ்டிரைக்கரிடம் இழுத்துப் போகக்கூடாது. தொங்கும் கதவுக்கு ஸ்டிரைக்கரை இறக்கிவிட்டு 'சரியாகப் பூட்டுகிறது' என்று வண்டியை அனுப்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பூட்டும் ஓசை நன்றாக இருக்கும். கீல் தேய்ந்துகொண்டே போகும்.

ஸ்டிரைக்கரைப் பழைய கோட்டில் வைத்து, தட்டினால் நகரும் அளவுக்குத் திருகை முடுக்குங்கள். லாட்ச்சின் வாயில் சிறிது கிரீஸ் தடவி, கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி கதவை மெல்ல உள்ளே தள்ளி, மறுபடி திறங்கள். கிரீஸ் கறை ஸ்டிரைக்கர் வளையத்தில் எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். லாட்ச்சின் வாய் மேலும் கீழும் உரசாமல் நடுவே நுழைய வேண்டும். சாத்தும்போது கதவு மேலே ஏறினால் ஸ்டிரைக்கர் உயரமாக இருக்கிறது, கீழே அமுங்கினால் தாழ்வாக இருக்கிறது.

உயரம் முடிந்ததும் ஆழம். பின்விளிம்பு வெளியே நின்றால் ஸ்டிரைக்கரை உள்ளே தள்ளுங்கள். அமுங்கினால் வெளியே எடுங்கள். அரை அரை மில்லிமீட்டராக. வளையம் சாயாமல் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாய்ந்த வளையம் லாட்ச்சை ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

லாட்ச்சில் இரண்டு 'கிளிக்' உண்டு. முதலாவது பாதிப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. இரண்டாவது கேட்காமல் வண்டியை ஓட்டக்கூடாது, அது கதவு வழியில் திறக்கும் அபாயம்.

10. முடுக்குதலும் சோதனையும்

கீல் போல்ட்டுகள் பல கார்களில் 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள், ஸ்டிரைக்கர் 18 முதல் 25க்குள் வரும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. அதிகமாக முடுக்கினால் தூணுக்குள் இருக்கும் மரை உரிந்துவிடும். அந்த மரையை அடைவது பெரும்பாடு.

பீடிங் பிடிக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்துச் சாத்தி இழுங்கள். லேசான இழுவிசையோடு வர வேண்டும். சும்மா நழுவினால் அங்கே சந்து இருக்கிறது; கிழிந்தால் அங்கே அழுத்தம் கூடுதல். 2 வெள்ளி நோட்டை வைத்துப் பார்க்காதீர்கள். அது பாலிமர், எப்படியும் வழுக்கும்.

சாத்தும் பலத்தை இரண்டு முறை பாருங்கள்: ஒரு கண்ணாடியை இறக்கி ஒருமுறை, எல்லாம் ஏற்றி ஒருமுறை. இரண்டாவதில் மட்டும் கனமாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்றுதான் தடுக்கிறது, ஸ்டிரைக்கரைக் குறைசொல்ல வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனைக்கு ஹோஸைக் கதவின் அடியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். மேலிருந்து ஊற்றினால் வழிந்து வரும் நீர் எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

செக் ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டீர்களா, சென்ட்ரல் லாக் விழுகிறதா, பின்கதவில் குழந்தைப் பூட்டு வேலை செய்கிறதா, 'கதவு திறந்திருக்கிறது' விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் போன போல்ட்டுத் தலைகளுக்கும், நகர்ந்த தகட்டின் ஓரத்தில் தெரியும் வெறும் இரும்புக்கும் டச்-அப் பெயிண்ட் தடவுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் துரு காத்திருக்காது. கீல் ஆணிக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம். ஸ்டிரைக்கரில் படிந்ததைத் துடைத்துவிடுங்கள், ஏறி இறங்குபவரின் உடையில் ஒட்டும்.

முடுக்கி முடித்ததும் தகடுகளைச் சுற்றிப் புதுக் கோடு போடுங்கள். மார்க்கர் கோடுகளை உடனே அழிக்காதீர்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கதவைத் திறந்து பாருங்கள். தகடு புதுக் கோட்டிலிருந்து விலகியிருந்தால் போல்ட்டு பிடிக்கவில்லை. 7ஆம் படிக்குத் திரும்புங்கள். கோடு அப்படியே இருந்தும் பின்விளிம்பு மறுபடி இறங்கியிருந்தால் ஆணி தேய்ந்த கீல் அது, மாற்றிவிடுங்கள்.